ஒரு கரையும் பல கோட்டுச் சட்டங்களும்

செங்கற்பட்டு நகரத்துக்கும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 24 கிலோமீட்டர்தான் என்றாலும், இந்திய நில அளவைத் துறை நெடுங்காலமாக அச்சிட்டு வந்த தலப்படங்களில் அவ்விரண்டு ஊர்களும் ஒரே தாளில் அமையவில்லை. முன்னது 57 பி/14 என்னும் தாளிலும், பின்னது 66 டி/2 என்னும் தாளிலும் இடம்பெற்றிருக்கின்றன. கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகை செங்கற்பட்டு நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே ஓடுவதும், அந்த ரேகையிலேயே ஒரு தாள் முடிந்து மற்றொரு தாள் தொடங்குவதுமே அதற்குக் காரணம். இவற்றில் ஒரு தாளை மேசைமீது விரித்து, 1:50,000 என்ற அளவையில் அதன் நான்கு விளிம்புகளையும் நுட்பமான அளவுகோலால் அளந்து பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். வட அட்சரேகை 12 பாகை 30 கலையில் அமைந்த அடி விளிம்பு ஏறத்தாழ 54.35 சென்டிமீட்டர் நீளமும், 12 பாகை 45 கலையில் அமைந்த தலை விளிம்பு 54.30 சென்டிமீட்டர் நீளமும் கொண்டிருக்க வேண்டும். அதாவது, செவ்வகம்போல் தோன்றும் அந்தத் தாளின் சித்திரம் தலைப்பக்கம் அரை மில்லிமீட்டர் குறுகியது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் உண்டாகும் இந்த அரை மில்லிமீட்டரில்தான் பூமியின் உருண்டை வடிவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு தாளில் இவ்வளவு சிறிதாகத் தென்படும் அது, தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போனால் பெருகிப் பெருகி, கடைசியில் எந்த ஒட்டுக்கும் கட்டுப்படாமல் விலகி நிற்கும்.

விலகி நிற்பதற்குக் காரணம் படம் வரைபவரின் திறமைக்குறைவு அன்று. உருண்டையான பரப்பு ஒன்றை, எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் நிற்கும்படி சமதளத்தில் வரைவது இயலாத காரியம் என்பதை ஆய்லர் என்ற கணிதப் பேரறிஞர் 1777-ஆம் ஆண்டு நிரூபித்தார். ஒரு பரப்பின் வளைவு, அதனை நீட்டாமலும் கிழிக்காமலும் எவ்வாறு மடித்தாலும் மாறாது என்ற பெருந்தேற்றத்தை 1827-இல் காஸ் வெளியிட்டபோது, அந்த இயலாமையின் அடிப்படைக் காரணமும் விளங்கிவிட்டது. ஆகவே, பூமியின் அட்சரேகைகளையும் தீர்க்கரேகைகளையும் தாளின்மீது ஒழுங்குபட அமைக்கும் வலைப்பின்னலாகிய கோட்டுச் சட்டம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒன்றைக் காத்து வேறொன்றை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையே ஆகும். எதைக் காத்தது, எதை விட்டுக்கொடுத்தது, விட்டுக்கொடுத்த குறை படத்தின் எந்தப் பகுதியில் போய்ச் சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் ஒரு படத்தைப் படிக்க முடியும் என்பது என் துணிபு.

நம் பள்ளிக்கூடப் பூகோள நூல்கள் இந்த மூன்று கேள்விகளிலிருந்து தொடங்குவதில்லை. உருளை, கூம்பு, தளம் என மூன்று உருவங்களை வரைந்து, ஒளி ஊடுருவும் கோளம் ஒன்றின் நடுவே விளக்கை ஏற்றி வைத்து, அதன் நிழலை அந்த உருவங்களின்மீது விழச்செய்வதாகக் கற்பித்து, உருளைச் சட்டம், கூம்புச் சட்டம், உச்சிச் சட்டம் என்று வகுத்துக் காட்டுவதே வழக்கமாக இருக்கிறது. பூமத்தியரேகைப் பிரதேசத்துக்கு உருளை, இடைப்பட்ட அட்சங்களுக்குக் கூம்பு, துருவத்துக்குத் தளம் என்ற விதியும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மனத்தில் பதிய வைப்பதற்கு இது நல்ல உபாயம்தான். ஆனால், உலகில் மிகப் புகழ்பெற்ற உருளைச் சட்டமாகிய மெர்க்கேட்டர் சட்டமே எந்த விளக்கின் நிழலும் அன்று என்பதை மாணவர்களுக்கு யாரும் எடுத்துரைப்பதில்லை. கோளத்தின் நடுவிலிருந்து விழும் நிழலை அப்படியே கொண்டால் வடதிசையில் நீளம் மிக விரைவாகப் பெருகிவிடும். மெர்க்கேட்டர் 1569-இல் வெளியிட்ட படத்தில் அட்சரேகைகளின் இடைவெளி, கிழக்கு மேற்கில் எவ்வளவு மிகையோ வடக்கு தெற்கிலும் அவ்வளவே மிகையாகும்படி கணக்கினால் அமைக்கப்பட்டது. தீர்க்கரேகைகளை நீள்வட்டங்களாகக் கொண்ட மால்வைடே சட்டம், 1963-இல் தோன்றிய ராபின்சன் சட்டம் முதலியவற்றுக்கோ உருளையும் இல்லை, கூம்பும் இல்லை. மேலும், கூம்பின் உச்சியை எல்லையற்ற தொலைவுக்கு உயர்த்தினால் அது உருளையாகும், கோளத்தைத் தொடும் இடம்வரை தாழ்த்தினால் தளமாகும். ஆகவே மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் 1772-இல் லாம்பர்ட் எழுதிய ஆராய்ச்சியிலிருந்து அறிகிறோம். அந்த ஒரே ஆராய்ச்சியில் இன்றும் நாம் கையாளும் சட்டங்கள் பலவற்றை அவர் படைத்தளித்தார் என்பது வியந்து போற்றத்தக்கது.

உருவத்தைவிட உறுதியான பாகுபாடு, குணத்தைக் கொண்டு செய்யும் பாகுபாடு. சிறு இடங்களின் வடிவத்தையும் கோணத்தையும் காப்பன ஒரு வகை. பரப்பளவைக் காப்பன மற்றொரு வகை. ஒரு புள்ளியிலிருந்தோ சில ரேகைகளின் வழியாகவோ தூரத்தைக் காப்பன மூன்றாவது வகை. வடிவத்தையும் பரப்பையும் ஒருசேரக் காக்கும் சட்டம் இல்லை, இருக்கவும் முடியாது. திஸ்ஸோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1881-இல் விரித்தெழுதிய நூல் இதனைக் கண்ணால் காணச் செய்தது: பூமியின்மீது வரைந்த மிகச் சிறிய வட்டம் தாளில் பொதுவாக ஒரு நீள்வட்டமாகும், அது எங்கும் வட்டமாகவே நின்று பெரிதும் சிறிதுமானால் வடிவம் காக்கப்பட்டது, எங்கும் ஒரே பரப்போடு நின்று நசுங்கினால் பரப்பு காக்கப்பட்டது. இவ்வளவோடு, அளவை துல்லியமாக நிற்கும் ரேகை எங்கே ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கொண்டால், ஒரு சட்டத்தின் இயல்பு முழுவதும் நம் கைவசமாகிவிடும்.

இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்க்கும்போது செங்கற்பட்டுக் கடற்கரைச் சீமை ஓர் அருமையான ஆராய்ச்சிக் களமாக அமைகிறது. பூமியின் வடிவத்தை இந்நாட்டில் அளக்கும் பெருமுயற்சி இந்த மண்ணில்தான் தொடங்கிற்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலையடியில் நூறு அடி எஃகுச் சங்கிலியை விரித்து, தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுவரை ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளக்கலானார். பரங்கிமலை அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. வெயிலின் வெப்பத்தால் சங்கிலி நீளாதிருக்கும் பொருட்டு அதனை மரத்தொட்டிகளில் கிடத்தி, கூடாரங்களின் நிழலில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். அதிலிருந்து முக்கோணங்களை வளர்த்துக்கொண்டு சோழமண்டலக் கரையோரமாகச் சென்று, 12 பாகை 32 கலை அட்சத்தில் தீர்க்கரேகையின் ஒரு பாகை நீளம் 60,494 ஃபாதம் என்று அவர் கணித்தார். அது ஏறத்தாழ 110.6 கிலோமீட்டராகும், இக்காலக் கணக்கிலிருந்து மிகச் சிறிதளவே வேறுபடுவதுமாகும். அந்த 12 பாகை 32 கலை ரேகை எங்கே கடலைத் தொடுகிறது என்று பார்த்தால், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்துக்கும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கும் அருகில் என்று தெரிகிறது. லாம்டனின் பணியைத் தொடர்ந்த எவரெஸ்ட் 1830-இல் வகுத்த பூவுருவின்மீது, அதாவது பூமியின் வடிவுக்கெனக் கணக்கிட்டு வகுத்த உருவத்தின்மீதுதான், இந்தியத் தலப்படங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வரையப்பட்டு வந்தன.

அத்தலப்படங்கள் பலகூம்புச் சட்டத்தில் அமைந்தவை. அமெரிக்கக் கடற்கரை அளவையை நிறுவிய ஹாஸ்லர் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய இந்த முறையில் ஒவ்வொரு அட்சரேகைக்கும் தனித்தனியே ஒரு கூம்பு உண்டு. ஒவ்வோர் அட்சரேகையும் தன் மெய்யான நீளத்தில் நிற்கும். வடிவத்தையோ பரப்பையோ அது முற்றக் காப்பதில்லை. என்றாலும், ஒரே அட்சரேகைகளுக்கு இடையிலுள்ள தாள்கள் யாவும் ஒரே அளவின ஆதலால், ஒரு முறை கணித்த அட்டவணையைக் கொண்டு நாடு முழுவதற்கும் தாள்களின் சட்டத்தை வரைந்துவிடலாம். கணிப்பொறி இல்லாத காலத்தில், அட்டவணையும் பென்சிலும் கொண்டு ஆயிரக்கணக்கான தாள்களை வரைய வேண்டியிருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. செங்கற்பட்டுத் தாளின் அடியிலுள்ள அட்சரேகை உண்மையில் ஒரு வில். அதன் வளைவு தாளின் நடுவில் மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குக்கு மேற்படுவதில்லை, மழைக்காலத்து ஈரத்தில் அந்தத் தாளே அதைவிடப் பன்மடங்கு விரியும். ஆகவே, ஒரு தாளுக்குள் எந்தச் சட்டம் என்று வாதிடுவது வீண். நான்கு தாள்களைச் சேர்க்கும்போதுதான் வாதம் பொருள்பெறுகிறது. பலகூம்புத் தாள்கள் பக்கவாட்டில் மட்டுமோ மேலும் கீழுமாக மட்டுமோ ஒட்டும், சுற்றிலும் ஒட்டா.

பீரங்கிப் படையினருக்கு இது போதவில்லை. கோணம் தவறாத, பெரும்பரப்பில் தொடர்ந்து செல்லும் கட்டங்கள் அவர்களுக்கு வேண்டியிருந்ததால், லாம்பர்ட்டின் வடிவுகாக்கும் கூம்புச் சட்டத்தில் இந்தியாவைக் கிழக்கு மேற்காக நீண்ட மண்டலங்களாகப் பிரித்தார்கள். தென்னாட்டுக்குரிய நான்காம் ‘ஏ’ மண்டலத்தின் ஆதாரப் புள்ளி வட அட்சம் 12, கிழக்குத் தீர்க்கம் 80 என்பதாகும்; புதுச்சேரிக்கு வடகிழக்கே கடலுக்குள் விழும் புள்ளி அது. மையத் தீர்க்கரேகை மீண்டும் நம் செங்கற்பட்டை ஒட்டியே செல்கிறது. மண்டலத்தின் நடுவில் குறையும் ஓரங்களில் மிகையுமாகப் பிழையைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு நடு அட்சத்தின் அளவையை வேண்டுமென்றே 824-இல் ஒரு பங்கு குறைத்தார்கள். அதனால் செங்கற்பட்டில் ஒரு கிலோமீட்டர் தொலைவு, கட்டக் கணக்கில் ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகக் குறைந்து நிற்கும். இவ்வாறு திட்டமிட்டுப் பிழையைப் பரப்புவது கோட்டுச் சட்டக் கலையின் மிக நுட்பமான அம்சம் என்று நான் கருதுகிறேன்.

பிற்காலத்தில் நாடு முழுவதையும் ஒரே சட்டத்தில் காட்டுவதற்காகத் தேசிய இடவியல் கட்டமைப்பு என்ற ஏற்பாட்டில் வகுத்த லாம்பர்ட் கூம்பு இதனினும் விசித்திரமானது. அதன் மையத் தீர்க்கரேகை 80 பாகையே; அதன் திட்ட அட்சரேகைகள் இரண்டனுள் தென்புறத்தது 12 பாகை 28 கலையை ஒட்டியது, பாலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே செல்வது. திட்ட அட்சரேகையின்மீது அளவை சிறிதும் பிசகாது. ஆக, இந்தியப் படத்தின் செங்குத்து நடுக்கோடும், அளவை மெய்யாக நிற்கும் தென்கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் செங்கற்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே விழுகிறது. அதே படத்தில் நடு இந்தியாவில் நீளம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைகிறது, குமரிமுனையில் ஏறக்குறைய அவ்வளவே மிகுகிறது. பன்னிரண்டு பாகை அட்சத்தில் உள்ள ஊருக்கு உருளையே ஏற்றது என்று சொல்லும் பள்ளிக்கூட விதி இங்கே செல்லாமற்போவதைக் காண்கிறோம். சட்டத்தைத் தீர்மானிப்பது காட்டப்படும் முழுப் பிரதேசமே. 8 பாகை முதல் 37 பாகைவரை பரந்த தேசத்துக்குக் கூம்பு வேண்டியிருக்கிறது என்றால், அதன் தென்பகுதியிலுள்ள ஊரும் அந்தக் கூம்புக்குள் அடங்கத்தான் வேண்டும்.

பிரதேசத்தின் உருவம் தேர்வை எவ்வாறு ஆள்கிறது என்பதற்கு அண்டை நாடுகளும் சான்றாகின்றன. வடக்கு தெற்காக நீண்ட இலங்கைத் தீவுக்கு, உருளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாற்போன்ற குறுக்கு மெர்க்கேட்டர் சட்டத்தைக் கொண்டு, பிதுருதலாகலை மலையை ஆதாரமாக வைத்து வரைந்தார்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கும் மலாயாவுக்கோ, உருளையையே அந்தச் சாய்வில் நிறுத்தி ஹோட்டின் என்பவர் வகுத்த சாய்வுச் சட்டம் பொருந்திற்று.

2005-ஆம் ஆண்டு தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான புதிய வரிசைத் தலப்படங்கள் உலகப் பொதுக் குறுக்கு மெர்க்கேட்டர் எனப்படும் யு.டி.எம். சட்டத்துக்கும், ஜி.பி.எஸ். கருவிகள் கையாளும் உலகப் பூவுருவுக்கும் மாறிவிட்டன. இச்சட்டத்தில் நம் கரை 44-ஆம் மண்டலத்தில் அடங்குகிறது. அதன் மையத் தீர்க்கரேகையாகிய 81 பாகை, மாமல்லபுரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 88 கிலோமீட்டர் தொலைவில் நடுக்கடலில் ஓடுகிறது. அந்த ரேகையில் அளவை 0.9996 ஆகக் குறைக்கப்பட்டிருப்பதால், மாமல்லபுரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் குறையும். ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு ஆறு சதுர மீட்டர் குறையும். சாலை அமைப்பவருக்கும், கரை அரிப்பைக் கணக்கிடுபவருக்கும் இது பொருட்படுத்தத் தக்கதன்று. வேண்டுமானால் எளிதில் திருத்திக்கொள்ளவும் கூடும். கிராமத்துச் சர்வேயர் புலப்படத்துக்காக அளவுக்கல்லுக்கும் அளவுக்கல்லுக்கும் இடையே சங்கிலி பிடிக்கும்போது கோட்டுச் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமலிருப்பதும் நியாயமே. ஒரு வயலின் அளவில் பூமி சமதளம்தான்.

இதற்கு முற்றிலும் மாறான நிலைமை, இன்று எல்லோர் கைப்பேசியிலும் தோன்றும் இணையப் படங்களில் காணப்படுகிறது. அவை மெர்க்கேட்டரின் எளிமைப்படுத்திய வடிவத்தைக் கையாளுகின்றன. அவற்றின் பின்னணியிலுள்ள ஆயங்களை அப்படியே எடுத்துத் தள அளவையாகப் பரப்பைக் கணித்தால், இந்த அட்சத்தில் நீளம் நூற்றுக்கு இரண்டரையும் பரப்பு நூற்றுக்கு ஐந்தும் மிகும். மதுராந்தகத்துப் பக்கத்தில் 100 ஹெக்டேர் ஏரி ஒன்று 105 ஹெக்டேராகத் தோன்றும். ஏரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில், நீர்ப்பரப்பு சுருங்கிற்றா, ஆக்கிரமிப்பு எவ்வளவு என்ற வழக்குகள் எழும் காலத்தில், அந்த ஐந்து பங்கு சிறிய பிழையாகாது. பரப்பு பேசும் படத்துக்குச் சமபரப்புச் சட்டமே வேண்டும், அல்லது யு.டி.எம். போன்ற பிழை குறைந்த சட்டத்தில் திருத்தத்தோடு கணிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

இதைக் கொண்டு மெர்க்கேட்டரைக் குற்றவாளியாக்குவதும் முறையன்று. ஏறத்தாழ 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரீன்லாந்து, 32.8 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தியாவைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாக அப்படத்தில் தோன்றுவது உண்மையே. பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்துக்கு அது தகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், மாறாத திசையில் செல்லும் கப்பலின் வழியை நேர்கோடாகக் காட்டும் சட்டம் அது ஒன்றே; மாலுமிக்கு அதுவே பிரதானம். வங்காள விரிகுடாவிலோ அதன் குறையும் மிகச் சிறியது: 6 பாகை அட்சத்திலிருந்து 20 பாகைவரை அளவை நூற்றுக்கு ஆறு பங்குக்குள்ளாகவே மாறுகிறது. பூமத்தியரேகைக்கு அருகில் திசைமாறாக் கோடும் மிகக் குறுகிய வழியும் ஏறக்குறைய ஒன்றிவிடுவதால், தமிழ் வணிகர் கல்வெட்டுப் பொறித்துவிட்டு வந்த தகுவாபா போன்ற கீழைக்கடல் துறைகளுக்கு மாமல்லபுரத்திலிருந்து கோடு வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான தாள் கிடையாது.

தூரத்தைக் காக்கும் சட்டத்தை நாம் அறியாமலே பயன்படுத்துகிறோம். 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவில் மாமல்லபுரத்தருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோது மக்கள் கவலையோடு நோக்கியிருந்த ராடார் படம், ராடார் நிலையத்தை நடுவாகக் கொண்ட சமதூர உச்சிச் சட்டத்தில் அமைந்ததே. நடுவிலிருந்து எத்திசையிலும் தூரமும் திசையும் மெய்யானவை. புயலின் கண் நடுப்புள்ளிக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஓரத்திலுள்ள இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அதிலிருந்து அதே உறுதியோடு எடுக்க முடியாது, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கோட்டுச் சட்டத்தின் குற்றமல்லாதவற்றை அதன்மீது சுமத்தும் பழக்கமும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி கூம்பைப் போன்ற சட்டத்தை வகுத்து உலகை வரைந்தார். அவர் படத்தில் தென்னிந்தியா தீபகற்பமாகவே நீளாமல் தட்டையாகக் கிடப்பதும், இலங்கை மிகப் பெரிதாக இருப்பதும் அவருக்குக் கிடைத்த தகவல்களின் பிழையே. இக்காலத்தில் அதைப்போல் அடிக்கடி நேர்வது பூவுருவை மாற்றிக் கொள்ளாத பிழை. எவரெஸ்ட் பூவுருவில் அமைந்த பழைய தாளிலிருந்து கடற்கரைக் கோயிலின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் எடுத்து, மாற்றாமல் ஜி.பி.எஸ். படத்தில் குறித்தால், புள்ளி நூறு மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து கடலுக்குள் விழுந்துவிடும். செங்கற்பட்டுத் தாளின் அரை மில்லிமீட்டர் குறுக்கத்தைக் காட்டிலும் இது பலமடங்கு பெரிய தவறாயினும், சட்டத்தைப் பற்றி வாதிடுவோர் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

எஞ்சியிருப்பது தமிழ்நாடு முழுவதற்குமான தேர்வு. 78 பாகைத் தீர்க்கரேகை மாநிலத்தை ஊடறுத்துச் செல்வதால், யு.டி.எம். முறையில் செங்கற்பட்டும் மதுரையும் 44-ஆம் மண்டலத்திலும், கோயம்புத்தூரும் கன்னியாகுமரியும் 43-ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. பழவேற்காட்டிலிருந்து குமரிவரை கரை முழுவதையும் ஒரே படத்தில் வரைந்து கரை அரிப்பை ஆராய விரும்புவோர் அந்த எல்லையில் கட்டங்கள் அறுபடுவதைக் காண்பர். 8 முதல் 13 அரைப் பாகைவரை, கிழக்கு மேற்கைக் காட்டிலும் வடக்கு தெற்கில் நீண்ட இம்மாநிலத்துக்கு, 78 அரைப் பாகையை ஒட்டி மையம் கொண்ட தனிக் குறுக்கு மெர்க்கேட்டர் சட்டம் ஒன்றே போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு திட்ட அட்சரேகைகளுள்ள லாம்பர்ட் கூம்பும் ஏறக்குறைய அவ்வளவே நன்றாகப் பயன்படும். மாவட்ட அளவிலான வேலைக்கு 44-ஆம் மண்டலத்தை விட்டு விலக வேண்டியதில்லை; பரப்பையும் அடர்த்தியையும் காட்டும் மக்கள்தொகை, பயிர், நீர்நிலைப் படங்களுக்கு மட்டும் சமபரப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும். தமிழில் வெளிவரும் பாடநூல்களிலும் படத்தொகுதிகளிலும், அளவையை அச்சிடுவதுபோலவே கோட்டுச் சட்டத்தின் பெயர், மையத் தீர்க்கரேகை, திட்ட அட்சரேகைகள், பூவுரு ஆகிய நான்கையும் ஒவ்வொரு படத்தின் கீழ்மூலையில் அச்சிடும் வழக்கம் ஏற்பட வேண்டும்; அதற்கு ஒற்றை வரி இடம் போதும்.